கையெழுத்துப் போட்டால் போதுமா?

சர்வதேசச் சட்டம், உலக நீதிமன்றம், ஜெனீவாத் தீர்மானம் என்று வானொலியில் செய்தி வந்தால் பலர் வேறு பக்கம் திருப்பி விடுகிறார்கள். "அதெல்லாம் பெரிய எடத்து சமாச்சாரம். காலையில பெரட்டுக்குப் போயி, பேர் விழுற அளவுக்குக் கொழுந்து எடுக்கிற நமக்கு அதனால என்னா ஆகப் போவுது?" என்று கேட்பவர்களும் உண்டு. கேட்பதில் தப்பில்லை. ஆனால் இந்த நாட்டில் அந்தப் பெரிய இடத்துச் சமாச்சாரத்தால் ஆகக் கூடுதலாக அடிபட்டவர்கள் தோட்டத்து மக்கள்தான். இரண்டு அரசாங்கங்கள் போட்ட ஒப்பந்தத்தால் ஒரே லயத்தில் இருந்த அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்கும் என்று பிரிந்த குடும்பங்கள் எத்தனை! ஆகவே நாடுகள் போடுகிற கையெழுத்தையும் நீதிமன்றங்கள் சொல்லுகிற தீர்ப்பையும் ஏன் எப்போதும் ஒரேமாதிரி மதிக்க வேண்டும் என்பது உங்கள் வீட்டுக் கேள்வியும் ஆகும்.

முதலில் தெரிந்த விசயத்திலிருந்து தொடங்குவோம். கூட்டு ஒப்பந்தம் உங்களுக்குப் பழக்கமானது. பல ஆண்டுகளாக ஒரு பக்கம் தொழிற்சங்கங்களும் மறுபக்கம் தோட்டக் கம்பனிகளும் உட்கார்ந்து பேசி, நாட்சம்பளம் இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வந்தார்கள். கொழும்பு ஏலத்தில் தேயிலை விலை ஏறியிருந்தால் ஒப்பந்தத்தை மதிப்போம், இறங்கினால் மதிக்க மாட்டோம் என்று ஒரு துரை சொன்னால் நீங்கள் விடுவீர்களா? "அப்ப எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?" என்றுதானே கேட்பீர்கள்? 2021இல் சம்பளச் சபை 1,000 ரூபா நாட்சம்பளத்தை நிர்ணயித்தபோது கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்தே விலகிக்கொண்டன. அதற்குப் பிறகு ஒவ்வொரு சம்பளப் பேச்சும் பட்ட இழுபறியை நான் சொல்லத் தேவையில்லை.

நாடுகளுக்கு இடையிலான சட்டமும் பெரும்பாலும் இப்படித்தான். நாடுகள் தாங்களாகவே விரும்பிப் போடுகிற உடன்படிக்கைகள் ஒரு பங்கு. நெடுங்காலமாக எல்லாரும் கடைப்பிடித்து வந்ததால் சட்டமாகிவிட்ட வழக்கங்கள் இன்னொரு பங்கு. பிணக்கு வந்தால் தீர்த்துவைக்க நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில் சர்வதேச நீதிமன்றம் இருக்கிறது. 15 நீதிபதிகள், ஒவ்வொருவருக்கும் 9 ஆண்டுப் பதவி. நம் நாட்டவரான நீதியரசர் கிறிஸ்டோபர் வீரமந்திரி 1991 முதல் 2000 வரை அங்கே இருந்தார். அதில் கடைசி மூன்று ஆண்டுகள் அதன் உபதலைவர். ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் இடையே டான்யூப் ஆற்று அணைக்கட்டுப் பிணக்கு வந்தபோது, 1997இல் அவர் தனியாக எழுதிய கருத்துரையில், இலங்கையின் பழைய குளங்களையும் கால்வாய்களையும் எடுத்துக்காட்டி, மண்ணையும் நீரையும் கெடுக்காமல் அபிவிருத்தி செய்ய முடியும் என்று வாதித்தார். ஐரோப்பிய ஆற்று வழக்குக்கு நம் குளங்கள் சாட்சி சொன்ன கதை இது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

ஆனால் அந்த நீதிமன்றத்துக்குப் பொலிஸ் கிடையாது. தீர்ப்பை ஒரு நாடு மதிக்காவிட்டால் மற்ற நாடு ஐ.நா. பாதுகாப்புச் சபைக்குப் போகலாம். அங்கே ஐந்து வல்லரசுகளுக்கு வீட்டோ அதிகாரம். 1986இல் நிகரகுவா என்ற சிறிய நாடு, தன் மண்ணில் ஆயுதக் குழுக்களை ஏவிவிட்டதாக அமெரிக்காவுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் வென்றது. அமெரிக்கா தீர்ப்பை ஏற்கவில்லை. பாதுகாப்புச் சபைக்கு விசயம் போனபோது வீட்டோவைப் போட்டது. இதைப் பார்த்து "வலுத்தவன் வச்சதுதான் சட்டம்" என்று பலர் சொல்லிவிடுகிறார்கள்.

அது பாதிக் கதை. நீங்கள் பறித்த கொழுந்து தூளாகி, பெட்டியாகி, கப்பலேறி ஈராக்குக்கும் ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் போய்ச் சேர்கிறதே, வழியில் யாரும் மறிக்காமல் அந்தக் கப்பல் போவது கடல் சட்டத்தால்தான். ஒரு நாட்டு முத்திரை ஒட்டிய கடிதம் இன்னொரு நாட்டில் வீடு தேடி வருவதும், துபாய்க்குப் போன பிள்ளையின் பாஸ்போட்டை அங்கே ஏற்றுக்கொள்வதும் உடன்படிக்கைகளால்தான். நான் மதித்தால் நீ மதிப்பாய் என்ற நம்பிக்கையில் இவ்வளவும் ஓடுகிறது. உலக நீதிமன்றத்தின் தீர்ப்புகளிலும் பெரும்பாலானவற்றை நாடுகள் நிறைவேற்றியே வந்திருக்கின்றன. நிறைவேற்றாத சிலவே செய்தியாகின்றன.

கேகாலையிலிருந்து போன இரண்டு வழக்குகள்

இனி வீட்டு விசயத்துக்கு வருவோம். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். தோட்டத்து மக்கள் போட்ட வாக்கு அது. அடுத்த ஆண்டு பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1948 நவம்பர் 15ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. இதில் ஒரு வேதனையான பொருத்தம் உண்டு. அதற்கு 25 நாட்கள் கழித்து, டிசம்பர் 10ஆம் திகதி, ஐ.நா. சபை மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. அதன் 15ஆம் உறுப்புரை, ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு நாட்டினர் என்ற உரிமை உண்டு, அதை மனம்போனபடி பறிக்கக்கூடாது என்கிறது. உலகம் இந்த உரிமையை எழுதுகிற நேரத்தில் இங்கே நாடற்றவர்கள் உருவாக்கப்பட்டார்கள். இலங்கை அப்போது ஐ.நா.வில் சேர்ந்திருக்கவில்லை, 1955இல்தான் சேர்ந்தது.

1949இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்கள் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்கும் சட்டம். மற்றது, பிரசை அல்லாதவருக்கு வாக்கில்லை என்ற தேர்தல் திருத்தச் சட்டம். சுமார் 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. 1952 தேர்தலில் காங்கிரசிலிருந்து ஒருவரும் பாராளுமன்றம் போகவில்லை.

அந்தச் சமயத்தில் கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லைத் தொகுதியில், இந்திய வம்சாவளியினரான கோடக்கன் பிள்ளை என்பவர், தன் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்கக் கேட்டார். பதிவு அதிகாரி மறுத்தார். மேலே மீளாய்வு செய்த அதிகாரி சிவஞானசுந்தரம், அந்தப் பிரசாவுரிமைச் சட்டமே செல்லாது என்று சேர்க்கச் சொன்னார். அவர் காட்டிய காரணம் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு. ஓர் இனத்தவருக்கு மட்டும் பாதகமாகச் சட்டம் செய்யக்கூடாது என்பது அதன் பொருள். வழக்கு உயர் நீதிமன்றம் போனது; 1951இல் தோற்றது. இலண்டன் பிரிவிக் கவுன்சிலுக்குப் போனது. 1953இல் அங்கேயும் தோற்றது. யார் தன் பிரசை என்று தீர்மானிப்பது எந்த நாட்டுப் பாராளுமன்றத்துக்கும் உரிய வேலைதான் என்று சொல்லிவிட்டார்கள்.

அது சரியான தீர்ப்பு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் தோற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1952இல் சத்தியாக்கிரகம் இருந்தார்கள், மனுக் கொடுத்தார்கள், பேச்சுவார்த்தை நடத்தினார்கள். நீதிமன்றத்தைத் தூக்கி எறியவில்லை.

இரண்டாவது வழக்கும் கேகாலையிலிருந்துதான் போனது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த கோடீஸ்வரன் சிங்களச் சோதனை எழுத மறுத்தார். 1962இல் அவருடைய சம்பள ஏற்றத்தை நிறுத்தினார்கள். அவர் வழக்குப் போட்டார். 1964இல் மாவட்ட நீதிபதி டி கிரெட்சர், அந்தச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரண் என்று கோடீஸ்வரன் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 1967இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக முடிக்குரிய அரசின்மேல் வழக்காட முடியாது என்று வேறொரு காரணம் காட்டி அதைத் தள்ளியது. 1969 டிசம்பரில் பிரிவிக் கவுன்சில் அந்தக் காரணம் பிழை என்றது. மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்ற கேள்வியை இலங்கை உயர் நீதிமன்றமே விசாரிக்கட்டும் என்று திருப்பி அனுப்பியது.

அந்தக் கேள்விக்கு அதன்பிறகு இன்றுவரை எந்த நீதிமன்றமும் பதில் சொல்லவில்லை. 1971இல் பிரிவிக் கவுன்சிலுக்கு மேன்முறையீடு போகும் வழி அடைக்கப்பட்டது. 1972இல் வந்த புதிய அரசியலமைப்பில் 29ஆம் பிரிவே இல்லை. ஒரு சுதந்திர நாடு தன் வழக்குகளைத் தன் மண்ணிலேயே முடித்துக்கொள்ள விரும்புவது நியாயந்தான். ஆனால் காலத்தைக் கவனியுங்கள். அரசாங்கம் வென்ற வழக்கில் இலண்டன் நீதிமன்றத்தின் சொல் வேதவாக்கு. கேள்வி பாதகமாகத் திரும்பியதும், நீதிமன்றத்துக்குப் போகும் வழியும் போயிற்று, வழக்குக்கு ஆதாரமான சட்டமும் போயிற்று.

நான் இருக்கிற உரும்பிராய் இந்தக் கதைக்குத் தூரமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பலாலி வீதியால் வந்தால் உரும்பிராய், இங்கே பொன். சிவகுமாரனின் சிலை நிற்கிறது. இவ்வூர்ப் பையன். 1974 ஜூன் 5ஆம் திகதி, பொலிஸ் சுற்றிவளைத்தபோது சயனைட் அருந்தி உயிர்விட்டார். வயது 23. வழக்குத் திரும்பி வந்தது 1969. அது விசாரிக்கப்படாமலே போனது 1972. இந்தப் பையன் செத்தது 1974. ஒன்று மற்றதற்கு நேரடிக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. பல்கலைக்கழகத் தரப்படுத்தல் போன்ற வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் சட்டப்படி போனால் நியாயம் கிடைக்கும் என்று தகப்பன்மார் நம்பியதை அந்தப் பையன்களின் தலைமுறை நம்பவில்லை. நம்பிக்கை போனபிறகு நடந்ததை வடக்கும் கிழக்கும் மலையகமும் முப்பது வருசம் அனுபவித்தன.

வடக்கிலுள்ள நாங்கள் மறக்கக்கூடாத இன்னொன்றும் இருக்கிறது. 1948இல் மலையக மக்களின் உரிமை போனபோது யாழ்ப்பாணத்துத் தலைவர்கள் எல்லாரும் ஒரே நிலையில் நிற்கவில்லை. ஜீ.ஜீ. பொன்னம்பலம் அந்த அரசாங்கத்தில் அமைச்சராகச் சேர்ந்து இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தை ஆதரித்தார். அதை ஏற்காமல் பிரிந்துபோன செல்வநாயகமும் மற்றவர்களும் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். இன்று தோட்டத்து மக்களுக்கு வந்தது நாளை நமக்கும் வரும் என்பது அவர்களுடைய வாதம். எட்டே வருசத்தில், 1956இல், மொழிச் சட்டமாக அது வந்தது. அந்தக் காலத்தில் இங்கே எத்தனையோ வீடுகளில் மலையகத்துப் பிள்ளைகள் சம்பளமில்லாமல் வேலைக்கு நின்றார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மற்றவனின் உரிமை போகும்போது நமக்கென்ன என்று இருந்தவர்களில் நாங்களும் உண்டு.

ஆட்களை எண்ணிப் போட்ட ஒப்பந்தம்

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி. சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம். நாடற்றவர்கள் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கிட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று எழுதினார்கள். அந்த மிச்சத்தை 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் ஆளுக்குப் பாதி என்று பங்கிட்டார்கள். கொழுந்துக் கூடையை நிறுத்துப் பிரிக்கிற மாதிரி ஆட்களைப் பிரித்தார்கள். சம்பந்தப்பட்ட மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போடும்போதே பிழையான ஒப்பந்தம் அது. அதையாவது ஒழுங்காக நிறைவேற்றினார்களா? 15 வருசத்தில் முடிப்பதாக இருந்தது. முடியவில்லை. காலம் முடிந்துவிட்டது, இனி இது எங்களைக் கட்டாது என்று 1982இல் இந்தியா சொன்னது. 1984இல் தலைமன்னார்க் கப்பல் யுத்தத்தால் நின்றது. 3 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதற்குமுன் போய்விட்டார்கள். நீலகிரியில் அவர்களுக்காகவே 1968இல் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. இன்று டான்டீ என்று சொல்கிறார்களே, அது. கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரர் இருப்பார்கள். ஆனால் இந்திய பாஸ்போட்டைக் கையில் வைத்துக்கொண்டு கப்பலில்லாமல் இங்கேயே தங்கிப்போனவர்களும் பல்லாயிரம் பேர். ஒரு நாடு "நீ என் ஆள் இல்லை" என்றது. மற்ற நாட்டுக்குப் போக வழியில்லை. பிள்ளைகளுக்கு அடையாள அட்டை இல்லை, வாக்கு இல்லை.

1988இலும், முடிவாக 2003இலும் இலங்கைப் பாராளுமன்றம் சட்டம் செய்து இதைத் தீர்த்தது. 2003இல் பத்தே நாளில் சுமார் 1 இலட்சத்து 90 ஆயிரம் பேருக்குப் பிரசாவுரிமை கிடைத்தது. 55 வருசம் இழுத்ததைப் பத்து நாளில் முடிக்க முடிந்திருக்கிறது. நினைத்துப் பாருங்கள்.

யுத்தத்துக்குப் பயந்து தோணியேறி இந்தியா போன மலையகக் குடும்பங்களின் கதை இன்னும் முடியவில்லை. திருச்சி கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் இருந்த இந்திய வம்சாவளியினர் 65 பேர் பிரசாவுரிமை கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார்கள். அவர்களுடைய விண்ணப்பங்களை 16 வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும் என்று 2019 ஜூனில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். அதே வருசம் டிசம்பரில் இந்தியப் பாராளுமன்றம் கொண்டுவந்த பிரசாவுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளின் பெயர் இருந்தது. இலங்கை இல்லை.

இங்கே கையெழுத்து, அங்கே மறுப்பு

1980இல் இலங்கை, குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்தது. 1997இல் இன்னொரு படியும் போனது. தன் நாட்டவர் எவரும், உள்நாட்டு நீதிமன்றங்களில் நியாயம் கிடைக்காவிட்டால், ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்கு நேரே முறையிடலாம் என்று ஒப்புக்கொண்டது.

அதை நம்பி முறையிட்டவர்களில் ஒருவர் நல்லரத்தினம் சிங்கராசா. மட்டக்களப்புப் பக்கத்துக் கூலித் தொழிலாளி. 1993இல் பிடிபட்டார். சிங்களத்தில் எழுதிய ஒரு வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் வாங்கினார்கள்; அவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. பயங்கரவாதத் தடைச் சட்டப்படி, அது வற்புறுத்தி வாங்கியது என்று அவரே நிரூபிக்க வேண்டும். 1995இல் 50 வருசச் சிறை. மேன்முறையீட்டில் 35 ஆகக் குறைந்தது. 2004 ஜூலையில் ஐ.நா. குழு இது நியாயமான விசாரணை அல்ல என்றும், அவரை விடுதலை செய்ய வேண்டும் அல்லது மறுபடி விசாரிக்க வேண்டும் என்றும் சொன்னது. அதை வைத்துக்கொண்டு அவர் உயர் நீதிமன்றம் போனார். 2006 செப்டெம்பரில் நீதிமன்றம், 1997இல் ஜனாதிபதி போட்ட அந்தக் கையெழுத்தே அரசியலமைப்புக்கு முரண், ஆகவே ஐ.நா. குழு சொன்னதற்கு இங்கே வலு இல்லை என்று கூறிவிட்டது.

வெளியிலே கையெழுத்து, உள்ளே வந்தால் அது செல்லாது. இப்படி இரண்டு முகம் காட்டினால் மற்றவர்கள் கணக்கு எழுதிக்கொள்வார்கள். ஐரோப்பிய ஒன்றியம் ஜீ.எஸ்.பி. பிளஸ் என்று ஒரு வரிச்சலுகை கொடுக்கிறது. 27 சர்வதேச உடன்படிக்கைகளை ஒழுங்காக நிறைவேற்றுகிற நாடுகளுக்கு அது. அவற்றில் மூன்றை இலங்கை சரியாக நிறைவேற்றவில்லை என்று 2010 ஆகஸ்டில் சலுகையை நிறுத்தினார்கள். மேலே சொன்ன குடியியல் அரசியல் உரிமை உடன்படிக்கையும் அந்த மூன்றில் ஒன்று. 2017 மே மாதம்தான் சலுகை திரும்பக் கிடைத்தது. இந்தச் சலுகையால் பெரும் நன்மை அடைவது ஆடைத் தொழிற்சாலைகள். கட்டுநாயக்கவிலும் பியகமவிலும் தையல் மெசினில் குனிந்திருக்கிற பெண் பிள்ளைகளில் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். உடன்படிக்கையை மீறியவர் ஒருவர். வேலை போகுமோ என்று பயந்தவர் வேறொருவர்.

இன்னொரு தோட்டத்து மக்கள்

மலையகக் கதையை அப்படியே நினைவூட்டுகிற ஒரு கதை இந்து சமுத்திரத்தில் நமக்குத் தெற்கே இருக்கிறது. சாகோஸ் தீவுகள். அங்கே தென்னந்தோட்டம்; கொப்பரா உற்பத்தி. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகளும், தென்னிந்தியாவிலிருந்து கூலிகளாகப் போனவர்களின் பிள்ளைகளும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். மொரிசியசுக்குச் சுதந்திரம் கொடுக்கும் முன்பே, 1965இல் பிரித்தானியா இந்தத் தீவுகளைப் பிரித்தெடுத்துக்கொண்டது. டியேகோ கார்சியாத் தீவில் அமெரிக்கா படைத்தளம் போட வேண்டும் என்பதற்காக, 1968க்கும் 1973க்கும் இடையில் 1,500க்கு மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள். இவர்கள் அந்த மண்ணின் மக்கள் அல்ல, ஒப்பந்தக் கூலிகள்தான் என்று உலகத்துக்குச் சொன்னார்கள். இங்கேயும் உங்களைப் பற்றி அதையே சொன்னார்கள் அல்லவா?

2019 பெப்ரவரியில் உலக நீதிமன்றம், அந்தப் பிரிப்பு சட்டப்படி நடக்கவில்லை, பிரித்தானியா அங்கே தன் நிர்வாகத்தைக் கூடிய விரைவில் முடிக்க வேண்டும் என்று கருத்துச் சொன்னது. மே மாதம் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் அதை ஆதரித்தன, எதிர்த்தவை 6. இது வெறும் ஆலோசனைதானே என்று பிரித்தானியா தட்டிக்கழித்தது. ஆனால் விசயம் ஓயவில்லை. கடல் எல்லை வழக்கு ஒன்றில் 2021இல் இன்னொரு சர்வதேச நீதிமன்றமும் அதே கருத்தை ஆதாரமாக எடுத்தது. கடைசியில் 2025 மே மாதம் தீவுகளின் இறைமையை மொரிசியசுக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் பிரித்தானியா கையெழுத்திட்டது. பொலிஸ் இல்லாத நீதிமன்றம் இவ்வளவு தூரம் ஒரு பழைய வல்லரசை இழுத்து வந்திருக்கிறது. ஊர் திரும்பும் உரிமையைத் தங்களிடம் கேட்காமல் பேசிவிட்டார்கள் என்று சாகோஸ் மக்களில் பலர் இந்த ஒப்பந்தத்தையும் குறை சொல்கிறார்கள். அதுவும் நமக்குப் பழகிய குரல்தான்.

இதற்கு ஒரு தமிழ்க் கிளைக்கதையும் உண்டு. 2021 ஒக்டோபரில் கனடா போகப் புறப்பட்ட இலங்கைத் தமிழர்களின் படகு பழுதாகி, அவர்கள் டியேகோ கார்சியாவில் கரையேற்றப்பட்டார்கள். வேலி போட்ட முகாமில், கூடாரங்களில், மூன்று வருசம். அவர்களை அப்படி வைத்திருந்தது சட்டவிரோதத் தடுத்துவைப்பு என்று அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றமே 2024 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அதே மாதத்தில் பெரும்பாலானோர் பிரித்தானியாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

பெரிய நாடு பணிந்த கதைகளையும் சொல்ல வேண்டும். பகாசி என்ற எண்ணெய் வளமுள்ள நிலம் கமரூனுக்கு உரியது என்று 2002இல் உலக நீதிமன்றம் சொன்னது. நைஜீரியா அதைவிடப் பலமான நாடு. ஊரில் கோபம் கொதித்தது. இருந்தும் 2008க்குள் முழுவதையும் ஒப்படைத்தது. வங்காள விரிகுடாவில் பிணக்காக இருந்த 25,602 சதுர கிலோமீற்றர் கடலில் 19,467 பங்களாதேஷுக்கு என்று 2014 ஜூலையில் ஹேக் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தபோது இந்தியா ஏற்றுக்கொண்டது. ஆனால் 2016இல் தென்சீனக் கடல் தீர்ப்பைச் சீனா ஏற்க மறுத்தது. அதன் கஷ்டத்தைப் பிலிப்பைன்ஸ் மீனவர்கள் அனுபவிக்கிறார்கள்.

மீனவர் என்றதும் எங்கள் பாக்குநீரிணை நினைவுக்கு வராமல் போகாது. 1974இலும் 1976இலும் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டுக் கடல் எல்லையைக் கோடு கிழித்தன. தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் அந்தக் கோட்டைத் தாண்டி வந்து அடிக்கடல் வரை வாரிக்கொண்டு போகின்றன. அழிவது யாழ்ப்பாணத்துச் சிறு மீனவரின் வலை. 2017இல் இலங்கை தன் கடலில் இழுவைமடியைத் தடை செய்துவிட்டது. தாண்டி வருகிறவர்களும் தமிழர்தான், எங்கள் சொந்தம்தான். அதற்காக எல்லை ஒப்பந்தம் அவர்களுக்கு மட்டும் இல்லை என்று சொல்ல முடியுமா? அதேபோல, தாண்டி வந்தான் என்பதற்காக ஒரு மீனவனைச் சுட்டுக் கொல்வதையும் எந்தச் சட்டமும் ஏற்காது. நமக்கு வேண்டியவன் மீறினால் கண்ணை மூடிக்கொண்டு, வேண்டாதவன் மீறினால் ஜெனீவாவுக்குப் போவது அரைப்பேர் போடுகிற கணக்கு.

இவ்வளவும் வாசித்த பிறகு வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும்தான் பிரசாவுரிமை. ஒப்பந்தத் திகதி அப்படியே சட்டத்துக்குள் இருக்கிறது. ஆகவே தாத்தா, அப்பாயியின் பிறப்புப் பத்திரம், கலியாணப் பதிவு, தோட்டத்துச் செக்ரோலிலிருந்து எடுத்த கடிதம், பள்ளிக்கூட விடுகைப் பத்திரம், பிரசாவுரிமைச் சான்றிதழ், காலாவதியான பழைய இந்திய பாஸ்போட் எது இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். கறையான் அரிக்காமல், லயத்துக் கூரை ஒழுக்கில் நனையாமல், பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். இரண்டு பிரதி எடுத்து வேறொரு வீட்டில் கொடுத்து வைப்பது இன்னும் நல்லது. அடையாள அட்டை இன்னும் எடுக்காத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், இவற்றையெல்லாம் எடுத்துக்கொண்டு முதலில் கிராம உத்தியோகத்தரிடம் போங்கள்.